உரம் வேறு, மருந்து வேறு: மாடித்தோட்டத்தில் இயற்கையா, ரசாயனமா?

நீங்கள் கேட்டிருப்பதைச் சுருக்கிச் சொன்னால் இது. மாடியில் 18 பைகள் வைத்து, எட்டு மாதமாக ரசாயனம் தொடாமல் காய்கறி போடுகிறீர்கள். வாரம் தவறாமல் பஞ்சகவ்யம் (சாணம், கோமியம், பால், தயிர், நெய் சேர்த்து நொதிக்கவைத்த கரைசல்) தெளிக்கிறீர்கள், சமையலறைக் கழிவை மட்கவைத்துப் போடுகிறீர்கள். அப்படியும் தக்காளி முழங்கால் உயரத்தில் மஞ்சளடித்து நிற்கிறது, மிளகாய் இலை சுருண்டுவிட்டது, கத்தரிக்காயை வெட்டினால் புழு. எதிர்வீட்டு மாடியில் யூரியாவும் 'ஆல் 19' எனப்படும் 19:19:19 கலப்பு உரமும் போடுகிறவருக்குக் கொத்துக்கொத்தாகக் காய்க்கிறது. "நானும் கொஞ்சம் உரம் போட்டால் என் மூன்று வயதுக் குழந்தைக்கு விஷம் கொடுத்ததாக ஆகிவிடுமா?" என்று முடித்திருக்கிறீர்கள். அந்தக் கடைசி வரிதான் உங்களை உறுத்துகிறது என்று படுகிறது. அதனால் அதற்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன்: இல்லை, ஆகாது. ஆனால் இந்த 'இல்லை' உரத்துக்கு மட்டும்தான். பூச்சிமருந்துக்கு என் பதில் வேறு.

நான் வேளாண்மை படித்தவன். 26 வருடம் தோட்டக்கலைப் பயிர்களோடு வயல்வெளியில் வேலை பார்த்துவிட்டு, கடந்த ஒன்பது வருடமாகத் திருச்சியில் வீட்டு மாடியில் காய்கறி போட்டு வருகிறேன். என் அனுபவம் முழுக்கச் சமவெளிதான். ஊட்டி, கொடைக்கானல் குளிரில் வளர்க்கிறவர்களுக்கு நான் சொல்லும் பட்டமும் (விதைக்கும் பருவம்) அளவும் பொருந்தாது. உங்கள் செடியையும் நான் நேரில் பார்க்கவில்லை. நீங்கள் எழுதிய அடையாளங்களை வைத்துத்தான் பேசுகிறேன். எது உறுதி, எது என் ஊகம் என்று அங்கங்கே பிரித்தே சொல்கிறேன்.

நம் ஊரில் இந்தப் பேச்சு வரும்போதெல்லாம் இரண்டு விஷயங்கள் ஒன்றாகக் குழைந்துவிடுகின்றன. உரம் என்பது செடிக்குச் சாப்பாடு. பூச்சிமருந்து என்பது உயிரைக் கொல்வதற்காகவே செய்த நஞ்சு. தமிழில் அதை 'மருந்து' என்கிறோம், 'மருந்து அடிக்கணும்' என்கிறோம். அந்தச் சொல்லே பாதி ஆபத்தை மறைத்துவிடுகிறது. மறுபக்கம் 'ரசாயனம்' என்ற ஒரே சொல்லுக்குள் யூரியாவையும் மோனோகுரோட்டோபாஸ் என்ற கொடிய பூச்சிமருந்தையும் சேர்த்துக் கட்டிவிடுகிறோம். ஒன்றுக்குப் பயப்பட வேண்டிய அளவும் மற்றொன்றுக்குப் பயப்பட வேண்டிய அளவும் ஒன்றே இல்லை.

முதலில் உறுதியான விஷயம். செடியின் வேர் சாணத்தைச் சாணமாக உறிஞ்சுவதில்லை. மண்ணிலுள்ள நுண்ணுயிர்கள் அதைச் சிதைத்து, தழைச்சத்தை (நைட்ரஜன்) அம்மோனியமாகவும் நைட்ரேட்டாகவும் மாற்றிக் கொடுத்த பிறகுதான் வேர் பெரும்பாலும் எடுத்துக்கொள்கிறது. யூரியாவும் மண்ணில் அதே அம்மோனியமாக, அதே நைட்ரேட்டாக மாறித்தான் உள்ளே போகிறது. வேருக்கு இரண்டையும் பிரித்துப் பார்க்கத் தெரியாது. இன்னொன்றும் சொல்ல வேண்டும்: பஞ்சகவ்யத்துக்கு நீங்கள் ஊற்றும் கோமியத்தில் இருப்பதும் யூரியாதான். 1828-ல் ஜெர்மானிய வேதியியலாளர் வோலர் ஆய்வகத்தில் யூரியாவைச் செய்து காட்டியது அறிவியல் வரலாற்றிலேயே பெரிய சம்பவமாக ஆனது, உயிருள்ள உடம்பில் மட்டுமே உண்டாகும் என்று அதுவரை நினைத்திருந்த அதே பொருள் குடுவையில் வந்ததால்தான். மூட்டையில் வருவதும் அதுவே. ஆகவே அளவோடு உரம் போட்ட தக்காளியைச் சாப்பிட்டால் குழந்தைக்கு யூரியா போகும் என்ற பயம் வேண்டாம். கீரையில் மட்டும் சற்றுக் கவனம் தேவை. தழைச்சத்தை அளவுக்கு மீறிப் போட்டால் கீரை நைட்ரேட்டை இலையில் சேர்த்து வைத்துக்கொள்ளும். கோழி எருவை அள்ளிக் கொட்டினாலும் அதே கதைதான்.

அப்படியானால் யூரியாவில் குறையே இல்லையா என்றால், இருக்கிறது. குறை மண்ணிலும் அளவிலும் இருக்கிறது. யூரியாவில் 46 சதம் தழைச்சத்து. அதைத் தவிர மண்ணுக்கு அதில் வேறொன்றுமில்லை. கரிமப் பொருள் சேர்க்காமல் வருடக்கணக்காக யூரியாவை மட்டுமே போட்டுவந்த வயல் எப்படி ஆகும் என்பதைக் கையில் அள்ளிப் பார்த்திருக்கிறேன். தண்ணீர் விட்டால் இறுகும், காய்ந்தால் கட்டியாக வெடிக்கும், மண்புழு கண்ணில் படாது. இயற்கை வேளாண்மையைப் பரப்பிய நம்மாழ்வார் ஊர் ஊராக நடந்து சொன்னதன் சாரம் இதுதான்: மண் செத்துவிட்டால் உரம் போட்டும் பயனில்லை. அதில் எனக்கு மாற்றுக் கருத்து கிடையாது. பையில் இன்னொரு சிக்கலும் உண்டு. வயலில் கொஞ்சம் கூடக்குறைய விழுந்தால் மண் தாங்கிக்கொள்ளும். பையில் இருப்பதே பத்துப் பன்னிரண்டு கிலோ மண். மாடித்தோட்டம் தொடங்கிய முதல் வருடம், கொத்தவரை நாற்று வெளிறியிருக்கிறதே என்று பைக்கு ஒரு தேக்கரண்டி யூரியா தூவித் தண்ணீர் ஊற்றினேன். வயல் கணக்கிலேயே வாழ்ந்தவனுக்கு அது ஒன்றுமே இல்லாத அளவாகத் தெரிந்தது. மறுநாள் காலை இலை ஓரமெல்லாம் தீயில் காட்டியதுபோல் பழுப்பேறியிருந்தது. மூன்றாம் நாள் ஆறு பையும் போயிற்று. வேரைச் சுற்றி உப்புச் செறிவு கூடினால் வேர் தண்ணீரை இழுக்க முடியாது. ஈர மண்ணில் நின்றபடியே செடி தாகத்தில் சாகும்.

இனி உங்கள் தக்காளிக்கு வருகிறேன். அடியிலைகள் முதலில் மஞ்சளாகி, மேலே உள்ள தளிர் சிறுத்து வெளிர்பச்சையாக இருந்தால் அது பசி. தழைச்சத்து போதாதபோது செடி மூத்த இலையிலிருந்து அதை உருவித் தளிருக்கு அனுப்பும், அதனால்தான் மஞ்சள் கீழிருந்து மேலே ஏறுகிறது. நீங்கள் எழுதியிருப்பதைப் பார்த்தால் அதுதான் என்று நினைக்கிறேன். இதைக் கணக்காகவே போட்டுப் பார்க்கலாம். இரண்டு கிலோ காய் தரும் ஒரு தக்காளிச் செடிக்கு அதன் வாழ்நாளில் சுமார் 5 கிராம் தழைச்சத்து வேண்டும். நன்றாக மட்கிய தொழுவுரத்தில் இருப்பது அரை சதம். அதாவது ஒரு கிலோ தொழுவுரத்தில் 5 கிராம். கணக்கு சரியாக வந்துவிட்டதே என்று தோன்றும். ஆனால் அந்த 5 கிராமும் ஒரே பருவத்தில் கிடைக்காது. முதல் மூன்று நான்கு மாதத்தில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு கிடைத்தால் அதிகம், மீதி மெதுவாக வரும். ஆக ஒரு தக்காளிக்கு மூன்று கிலோ தொழுவுரம் வேண்டும். மண்புழு உரமானால் ஒரு கிலோ. பைக்கு இரண்டு கைப்பிடி போட்டுவிட்டு 'இயற்கை உரம் போட்டேனே' என்று நிற்கிறோம். அந்த இரண்டு கைப்பிடியில் உள்ள சத்து ஒரு முளைக்கீரைக்குக்கூடப் போதாது.

இங்கே பஞ்சகவ்யத்தைப் பற்றி நேராகச் சொல்லியாக வேண்டும், சிலருக்கு வருத்தமாக இருந்தாலும். கொடுமுடி டாக்டர் நடராஜன் அதைப் பயிருக்குப் பயன்படுத்தும் முறையைப் பரப்பியதிலிருந்து ஆயிரக்கணக்கான விவசாயிகள் தெளிக்கிறார்கள், நானும் தெளிக்கிறேன். அதில் நுண்ணுயிர்களும் வளர்ச்சி ஊக்கிகளும் இருக்கின்றன. தெளித்த செடியில் இலைப் பளபளப்பும் பூ எடுப்பதும் கண்ணுக்குத் தெரிகிறது. ஆனால் அதைச் சாப்பாடாக எண்ணக் கூடாது. 3 சதக் கரைசல் என்றால் லிட்டருக்கு 30 மில்லி. பஞ்சகவ்யத்தில் 1 சதம் தழைச்சத்து இருப்பதாகத் தாராளமாகவே வைத்துக்கொள்வோம். 30 மில்லியில் 0.3 கிராம். அதை 18 செடிக்குப் பிரித்தால் செடிக்கு 0.02 கிராம்கூட வராது. பத்து வாரம் தெளித்தாலும் கால் கிராமை எட்டாது. தேவையோ 5 கிராம். வயிறு நிறைந்த பிள்ளைக்கு ஊட்டச்சத்து டானிக் நல்லது. சோறு போடாமல் டானிக் மட்டும் கொடுத்தால் பிள்ளை தேறாது. மீன் அமிலம், முட்டை அமிலம், அரப்பு மோர்க் கரைசல் என்று வீட்டில் தயாரித்துத் தெளிக்கும் கரைசல்கள் எல்லாவற்றுக்கும் இதே கணக்குதான். அரப்பு மோர் தெளித்த பிறகு பூ உதிர்வது குறைவதை என் மிளகாயில் பலமுறை பார்த்திருக்கிறேன். அது என் அனுபவம், ஆய்வு முடிவாக இதைச் சொல்லவில்லை.

பசிக்கு இன்னொரு காரணம் உங்கள் மண்கலவையில் ஒளிந்திருக்கலாம். தேங்காய்நார்க் கழிவு எவ்வளவு கலந்தீர்கள் என்று எழுதவில்லை. மாடியில் எடை குறைவாக இருக்க வேண்டும் என்று முக்கால் பங்கு நார்க்கழிவு போடுகிறவர்கள் அதிகம். மட்காத நார்க்கழிவில் கரிமம் (கார்பன்) மிக அதிகம், தழைச்சத்து மிகக் குறைவு. தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகம் தரும் கணக்குப்படி ஒரு பங்கு தழைச்சத்துக்கு 112 பங்கு கரிமம். காளான் வித்தும் யூரியாவும் இட்டு மட்கவைத்த பின் அது 24-க்கு இறங்குகிறது. மட்காததைப் பையில் போட்டால் அதைத் தின்ன வரும் நுண்ணுயிர்கள், தங்களுக்குத் தேவையான தழைச்சத்தை நீங்கள் போட்ட உரத்திலிருந்தே பிடுங்கிக்கொள்ளும். செடிக்குப் போட்டது செடிக்குப் போய்ச் சேராது. ஒரு பைக்குள் கையை விட்டு ஒரு பிடி எடுத்துப் பிழிந்து பாருங்கள். பஞ்சுபோல் அமுங்கி, செம்பழுப்புத் தண்ணீர் சொட்டி, கையை விரித்தவுடன் உதிர்ந்து பழையபடி உப்பினால் பாதிக்கு மேல் நார்க்கழிவு என்று அர்த்தம். மண் வாசம் வர வேண்டும், நார் மட்டும் மணக்கக் கூடாது. நான் போடும் கலவை செம்மண் ஒரு பங்கு, மட்கிய தொழுவுரமும் மண்புழு உரமும் சேர்ந்து ஒரு பங்கு, உப்புப் போக இரண்டு மூன்று முறை அலசிய நார்க்கழிவு ஒரு பங்கு. பைக்கு 100 கிராம் வேப்பம்பிண்ணாக்கு. அதில் 5 சதம் தழைச்சத்து இருப்பதால் அந்த 100 கிராமே 5 கிராம் சத்தைக் கொண்டுவருகிறது, வேர்ப்புழுவையும் ஓரளவு அடக்குகிறது. கலந்த உடனே நாற்று வைக்காதீர்கள். ஈரமாக வைத்து இரண்டு வாரமாவது ஆறவிட்ட பிறகு வையுங்கள். நட்ட முப்பதாம் நாளிலிருந்து பதினைந்து நாளுக்கு ஒருமுறை இரண்டு கைப்பிடி மண்புழு உரத்தை மேல்மண்ணைக் கிளறிவிட்டுப் போட்டு மூடுங்கள். கடலைப்பிண்ணாக்கை மூன்று நாள் ஊறவைத்து, பத்து மடங்கு தண்ணீர் சேர்த்து வேரில் ஊற்றினால் ஒரே வாரத்தில் நிறம் மாறுவது தெரியும். நாற்றம் அடிக்கும், ஈ மொய்க்கும். பக்கத்து வீட்டார் துணி காயப்போடாத நேரமாகப் பார்த்து ஊற்றுங்கள்.

எதிர்வீட்டுக்காரரோடு ஒப்பிடும்போது இன்னொன்றையும் பாருங்கள். அவர் மாடியில் எத்தனை மணி நேரம் வெயில் விழுகிறது, உங்கள் மாடியில் எத்தனை மணி நேரம்? தக்காளி, கத்தரி, மிளகாய், வெண்டைக்கு ஆறு மணி நேர நேர்வெயில் வேண்டும். கீரைக்கு நான்கு போதும். தண்ணீர்த் தொட்டி நிழல் விழும் மூலையில் எந்த உரம் போட்டாலும் தக்காளி காய்க்காது. பட்டமும் அப்படித்தான். பகல் 35 டிகிரியைத் தாண்டி, இரவும் 24 டிகிரிக்குக் கீழே இறங்காத சித்திரை, வைகாசியில் தக்காளிப் பூ மகரந்தம் வீணாகி உதிர்ந்துவிடும். அதற்கு இயற்கை முறையிலும் வழி கிடையாது, ரசாயனத்திலும் கிடையாது. ஆடியில் விதைத்துப் பாருங்கள், அதே பை, அதே மண்ணில் வேறு செடி வளரும்.

உரம் சேர்க்கலாமா என்று கேட்டால், சேர்க்கலாம் என்பது என் பதில். மண்ணில் மட்கு நிறைய இருக்கும்போது, பசியில் நிற்கும் செடியைக் கைதூக்கிவிட, தண்ணீரில் கரையும் 19:19:19 உரத்தை லிட்டருக்கு 2 கிராம் கரைத்துப் பத்து நாளுக்கு ஒருமுறை செடிக்கு அரை லிட்டர் ஊற்றுங்கள். காய்ந்த மண்ணில் ஊற்றக் கூடாது. முதலில் வெறும் தண்ணீர், பிறகு கரைசல். கரண்டிக் கணக்கு வேண்டாம், சிறிய தராசு வாங்கிக்கொள்ளுங்கள். போர்த் தண்ணீர் உப்பாக இருந்தால் மாதம் ஒருமுறை பையின் அடியில் தண்ணீர் ஒழுகும்வரை நன்றாக ஊற்றி உப்பை வெளியேற்றுங்கள், மழைத்தண்ணீர் பிடித்து வைத்திருந்தால் இன்னும் நல்லது. இதைச் செய்வதால் நீங்கள் இயற்கைக்குத் துரோகம் செய்துவிட மாட்டீர்கள். வேண்டாம் என்று மனம் சொன்னால் பிண்ணாக்குக் கரைசல் அதே வேலையைச் சற்று மெதுவாகச் செய்யும். என் மாடியில் கடந்த ஐந்து வருடமாக மூட்டை உரம் இல்லை. பயத்தால் விடவில்லை, தொழுவுரம் தாராளமாகக் கிடைக்கிறது, அவ்வளவுதான்.

பூச்சிமருந்தில்தான் என் பேச்சு மாறும். வேலைக்குச் சேர்ந்த புதிதில் ஒரு கிராமத்தில் கத்தரித் தோட்டத்துக்குப் போனேன். சாயங்காலம் மருந்தடித்துக்கொண்டிருந்தார் தோட்டக்காரர். கையுறை இல்லை, முகத்தில் ஒரு துண்டு. மறுநாள் விடியற்காலையில் அதே தோட்டத்தில் காய் பறித்து மூட்டை கட்டி வண்டியில் ஏற்றினார்கள். கிணற்று மேட்டோரம் ஒரு வரிசைக் கத்தரியை மட்டும் யாரும் தொடவில்லை. அங்கங்கே சொத்தையும் ஓட்டையுமாக இருந்தது. "இதை ஏங்க விட்டுட்டீங்க?" என்று கேட்டேன். "அது வீட்டுக்குங்க சார், அதுல மருந்து படல" என்றார். அவரைக் குற்றம் சொல்ல எனக்கு வாய் வரவில்லை. சொத்தைக் காயைச் சந்தையில் யாரும் வாங்கமாட்டார்கள், மருந்தை எப்படி எப்போது அடிக்க வேண்டும் என்று அவருக்கு யாரும் உட்கார்ந்து சொல்லியிருக்கவில்லை, சொல்ல வேண்டியவர்களில் நானும் ஒருவன். இன்றைக்கும் சந்தையில் கத்தரிக்காயைக் கையில் எடுக்கும்போது அந்த வரிசை நினைவுக்கு வருகிறது.

வீட்டுத்தோட்டத்தில் பூச்சிமருந்து வேண்டவே வேண்டாம் என்று நான் சொல்வதற்கு உணர்ச்சியைத் தாண்டி ஒரு கணக்கு இருக்கிறது. ஒவ்வொரு மருந்துக்கும் தெளித்த பின் இத்தனை நாள் காய் பறிக்கக் கூடாது என்ற காத்திருப்புக் காலம் உண்டு, பாட்டிலோடு வரும் தாளில் போட்டிருப்பார்கள். வெண்டையை ஒன்றுவிட்ட நாள் பறித்தாக வேண்டும், கத்தரியை மூன்று நான்கு நாளில். ஒரு வாரம் விட்டால் வெண்டை முற்றி நாராகிவிடும். அதோடு வெண்டைக்கு ஓரடி தள்ளிப் புதினா இருக்கும், அதன் பக்கத்தில் நாளைக்குப் பறிக்க வேண்டிய கீரை இருக்கும். ஒரு செடிக்கு மட்டும் அடிக்க மாடியில் வழியே இல்லை. கழுவினால் போய்விடும் என்பதும் பாதி உண்மை. மேலே படிந்தது ஓரளவு போகும். இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவிப் பாயும் மருந்துகள் செடியின் சாற்றோடு ஓடுபவை, அவற்றைத் தண்ணீரால் கழுவ முடியாது. மோனோகுரோட்டோபாஸைக் காய்கறிகளுக்கு அடிக்க 2005-லேயே நம் நாட்டில் தடை வந்துவிட்டது. தடை வந்த பிறகும் பல வருடம் அதைக் காய்கறித் தோட்டங்களில் பார்த்தேன். மருந்து பாட்டிலில் முக்கோணம் இருக்கும். சிவப்பு மிகக் கொடியது, அடுத்து மஞ்சள், பிறகு நீலம், பச்சை. சிறு குழந்தை ஓடியாடும் வீட்டுக்குள் சிவப்பு, மஞ்சள் பாட்டிலைக் கொண்டுவரவே கூடாது. குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வாங்கி வருவது எல்லாவற்றையும் விடக் கொடிய பழக்கம்.

கத்தரிப் புழுவுக்கு நகமே போதும். கத்தரிச் செடியின் நுனித்தண்டு ஒன்று மட்டும் காலை வேளையிலும் வாடித் தொங்கினால், தண்ணீர் போதவில்லை என்று நினைக்காதீர்கள். வாடிய இடத்துக்கு இரண்டு அங்குலம் கீழே கிள்ளி எடுத்துத் தண்டைக் கீறிப் பாருங்கள். உள்ளே வெளிறிய ரோஜா நிறத்தில் ஒரு புழு தண்டின் நடுவைத் தின்றுகொண்டே போயிருக்கும், பின்னால் அதன் கழிவு அடைத்திருக்கும். இதே புழுதான் பிறகு காய்க்குள் போகிறது. காய்க்குள் போய்விட்டால் எந்த மருந்தும் அதைத் தொடாது, அதனால்தான் கத்தரிக்கு அத்தனை முறை மருந்தடிக்கிறார்கள். வயலில் இரண்டு ஏக்கரில் நுனி கிள்ள ஆள் கிடைக்காது. உங்களிடம் நான்கு செடி இருந்தால் காலைக் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும். கிள்ளியதையும் ஓட்டை விழுந்த காயையும் மட்குத் தொட்டியில் போடாமல் நெகிழிப் பையில் கட்டி வெயிலில் வைத்துவிடுங்கள். இனக்கவர்ச்சிப் பொறி ஒன்று தொங்கவிட்டால் ஆண் அந்துப்பூச்சிகள் விழும். நான்கு செடிக்குப் பொறி எவ்வளவு உதவுகிறது என்பதில் எனக்குச் சந்தேகம் உண்டு. கிள்ளுவதில் சந்தேகமே இல்லை.

மிளகாய் இலை சுருட்டலுக்கு, இலை எந்தப் பக்கம் சுருண்டிருக்கிறது என்று சொன்னால்தான் எதையும் சொல்ல முடியும். ஓரங்கள் மேல்நோக்கிப் படகுபோல் மடிந்திருந்தால் இலைப்பேன். கீழ்நோக்கிக் கவிழ்ந்து, காம்பு நீண்டு, இலை தடித்திருந்தால் சிலந்திப்பேன். இலை சிறுத்து, நரம்பெல்லாம் புடைத்து, செடியே குட்டையாகிக் கொத்தாக நின்றால் வைரஸ். வைரஸுக்கு உலகத்தில் எந்த மருந்தும் கிடையாது, பிடுங்கி எறிவதுதான் வழி. அடுத்த செடிக்கு அதைக் கொண்டுபோவது வெள்ளை ஈ. வெண்டையில் இலை நரம்பு மஞ்சளாகும் தேமல் நோயும் இதே வகைதான். இலைப்பேனுக்கு வேப்பெண்ணெய் 5 மில்லியோடு கொஞ்சம் சோப்புக் கரைசலை முதலில் குழைத்து, பிறகு ஒரு லிட்டர் தண்ணீர் சேர்த்து, வெயில் சாய்ந்த பிறகு இலையின் அடிப்பக்கம் நனையும்படி வாரம் ஒருமுறை தெளியுங்கள். சிலந்திப்பேனுக்கு நனையும் கந்தகத்தூள் லிட்டருக்கு 2 கிராம். கடும் வெயில் காலத்தில் அதைத் தெளித்தால் இலை கருகும், வேப்பெண்ணெய் அடித்த இரண்டு வாரத்துக்குள்ளும் தெளிக்கக் கூடாது.

பூச்சியைப் பூச்சியே அடக்கும் என்று சொன்னால் பலர் நம்புவதில்லை. 2008-ல் கோயம்புத்தூரில் பப்பாளி மாவுப்பூச்சி தென்பட்டது. மெக்சிகோப் பக்கத்துப் பூச்சி, இங்கே அதற்கு எதிரி இல்லை. இரண்டே வருடத்தில் பப்பாளி, மரவள்ளி, மல்பெரி, வீட்டு வாசல் செம்பருத்திவரை வெள்ளைப் பஞ்சு போர்த்தியதுபோல் ஆயிற்று. மருந்து மேல் மருந்தாக அடித்தார்கள், மெழுகுப் பூச்சுக்குள் ஒன்றும் இறங்கவில்லை. 2010-ல் புவேர்ட்டோ ரிக்கோவிலிருந்து கடுகைவிடச் சிறிய ஓர் ஒட்டுண்ணிக் குளவியைத் தருவித்து, பெருக்கி, தமிழ்நாட்டுத் தோட்டங்களில் விட்டார்கள். அடுத்த வருடமே மாவுப்பூச்சி கட்டுக்குள் வந்துவிட்டது. அந்தக் குளவிப் புட்டிகளைத் தோட்டத்துக்குத் தோட்டம் கொண்டுபோய்த் திறந்துவிட்டவர்களில் நானும் உண்டு. அது வரைக்கும் உயிரியல் கட்டுப்பாடு எனக்குப் பாடப்புத்தகத்துப் பாடமாக மட்டுமே இருந்தது. உங்கள் மாடிக்கு இதிலிருந்து ஒரு எச்சரிக்கை: மாவுப்பூச்சிக் கூட்டத்துக்கு நடுவே அதே வெள்ளை மெழுகோடு, ஆனால் பெரிதாக, வேகமாக ஊர்ந்துபோகும் ஒன்றைப் பார்த்தால் நசுக்காதீர்கள். அது மாவுப்பூச்சியைத் தின்னும் ஒருவகைப் பொறிவண்டின் புழு. எறும்பு வரிசையைக் கண்டால் மட்டும் முதலில் அதைத் தடுங்கள். தேன்போன்ற கழிவுக்காக எறும்புதான் மாவுப்பூச்சிக்குக் காவல் நிற்கிறது.

இயற்கை என்ற பெயர் இருந்தாலே ஆபத்தில்லை என்றும் நினைக்க வேண்டாம். புகையிலைக் கஷாயத்தில் இருப்பது நிக்கோட்டின், மனிதனுக்கும் கடும் நஞ்சு. கீரைக்கும் காய்க்கும் அதை அடிக்காதீர்கள். உங்கள் விஷயத்தில் இன்னும் முக்கியமானது பஞ்சகவ்யம். அதில் பச்சைச் சாணம் இருக்கிறது, சாணத்தில் வயிற்றுப்போக்கை உண்டாக்கும் கிருமிகள் இருக்கக்கூடும். நொதித்தலில் அவை எந்த அளவுக்குச் சாகும் என்பது தயாரிப்பைப் பொறுத்தது. அமெரிக்காவின் இயற்கை வேளாண் விதியில், மண்ணைத் தொட்டு வளரும் விளைபொருளுக்குப் பச்சைச் சாணம் போட்டால் அறுவடைக்கு 120 நாள் காத்திருக்க வேண்டும். எனவே கொத்தமல்லி, புதினா, கீரை இலைமேல் பஞ்சகவ்யம் தெளிப்பதை இன்றோடு நிறுத்திவிடுங்கள். காய்ச்செடிகளுக்குத் தெளியுங்கள், சமைத்துத்தான் சாப்பிடப்போகிறோம். பச்சையாகக் கடிக்கும் வெள்ளரி, தக்காளியை ஓடும் தண்ணீரில் தேய்த்துக் கழுவிக் கொடுங்கள்.

இயற்கைக் காயில் சத்து அதிகமா என்பதில் ஆய்வாளர்களே ஒத்துப்போகவில்லை. 2012-ல் ஸ்டான்ஃபோர்ட் பல்கலைக்கழகக் குழு நூற்றுக்கணக்கான ஆய்வுகளைத் திரட்டி, சத்தில் பெரிய வித்தியாசமில்லை, மருந்து எச்சம் மட்டும் குறைவு என்றது. 2014-ல் இங்கிலாந்தின் நியூகாசில் பல்கலைக்கழகம் தலைமையிலான குழு, சில ஆன்டிஆக்ஸிடன்ட் பொருட்கள் கூடுதல், காட்மியம் என்ற நச்சு உலோகம் குறைவு என்றது. மருந்து எச்சம் குறைவு என்பதில் இரண்டும் ஒன்றுபடுகின்றன. குழந்தைக்காகத் தோட்டம் போடுகிறவருக்கு அதுவே போதுமான காரணம் என்று நான் நினைக்கிறேன். பறித்த பத்தாவது நிமிடத்தில் அடுப்பேறும் வெண்டைக்கு இருக்கும் ருசி எந்த உரத்தில் வளர்ந்தாலும் இருக்கும்.

இந்த வாரம் ஒரு காரியம் செய்யுங்கள். இருப்பதிலேயே நோஞ்சானான தக்காளி ஒன்றைப் பையோடு சாய்த்து, வேர் அறாமல் வெளியே எடுத்து உதறுங்கள். வேர் வெள்ளையாக, பரவலாக, ஆனால் செடி மஞ்சளாக இருந்தால் பசிதான். மற்றப் பைகளுக்குப் பிண்ணாக்குக் கரைசலை ஆரம்பித்துவிடுங்கள், பத்து நாளில் தளிர் பச்சை கட்டும். வேர் பழுப்பேறி, வழுவழுப்பாக உரிந்தால் தண்ணீர் தேங்கி அழுகியிருக்கிறது, பையின் அடித்துளைகளை ஒரு குச்சியால் குத்திப் பாருங்கள், நார் அடைத்திருக்கும். வேரெங்கும் மிளகு மிளகாக முடிச்சுகள் இருந்தால் அது நூற்புழு, வேரைத் தாக்கும் கண்ணுக்குத் தெரியாத மண்புழுதி அளவுப் புழு. அந்தப் பையில் உரத்தைக் கொட்டி வீணாக்க வேண்டாம். மண்ணைக் கொட்டி, ஈரமாக்கி, கண்ணாடிபோன்ற நெகிழித்தாளால் காற்றுப் புகாமல் மூடி, கோடை வெயிலில் ஐந்தாறு வாரம் போட்டுவிட்டு, பிறகு வேப்பம்பிண்ணாக்கு கலந்து செண்டுமல்லி வையுங்கள். ஒரு பருவம் போகட்டும், அடுத்த முறை அதில் தக்காளி வைக்கலாம். எது தெரிந்தது என்று வேரையும் மிளகாய் இலையின் அடிப்பக்கத்தையும் படம் எடுத்து இங்கேயே போடுங்கள், பார்த்துவிட்டு மேலே எழுதுகிறேன்.